நாமே செய்வதா, ஆள் வைப்பதா: கோலாலம்பூரில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்

செந்தூல், கெப்போங், செத்தாப்பாக், செராஸ் பக்கமெல்லாம் கைமாறும் வீடுகளில் நிறைய, முப்பது நாற்பது வருடம் ஓடிய, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகள். புது வீட்டைவிட விலை கொஞ்சம் கட்டுப்படியாகும். பழகிய தாமான் (குடியிருப்புப் பகுதி), கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பக்கத்தில். அதனால் வாங்குகிறோம். சாவி கைக்கு வந்த பிறகுதான் குளியலறை டைல்ஸ் பெயர்ந்திருப்பதும், சமையலறைக் கூரை ஒழுகுவதும், சுவரில் சாயம் செதில் செதிலாக உரிவதும் கண்ணில் படுகின்றன. குத்தகையாளரிடம் (காண்ட்ராக்டர்) விலை கேட்டால் தலை சுற்றுகிறது. "இவ்வளவு காசு எதுக்கு? வீடியோ பார்த்து நாமே செஞ்சிடலாமே" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

சொல்வதில் தவறில்லை. கருவிகளும் இப்போது கைக்கு எட்டுகின்றன. 2005-இல் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரே கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டிஐஒய், இன்று எந்தத் தாமானுக்குப் போனாலும் இருக்கிறது. துளைபோடும் கருவி வாங்குவது ஒரு பெரிய காரியமே இல்லை. துளைபோட்ட பிறகு சுவருக்குள்ளிருந்து என்ன வரும் என்பதில்தான் சிக்கல்.

நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நாமே செய்வது ஒன்று. சிமெண்டு, டைல்ஸ், குழாய் எல்லாம் நாம் வாங்கிக் கொடுத்து, அந்தந்த வேலைக்கு அந்தந்த ஆளைத் தனித்தனியாகக் கூப்பிடுவது இன்னொன்று. ஒரே குத்தகையாளரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது மூன்றாவது. எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வீடு முழுமைக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். ஒவ்வொரு வேலையாக எடுத்து, அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். சாயம் சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரம் திரும்ப அடிக்கலாம். குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு சரியில்லை என்றால், அது சில மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது ஒட்டிய டைல்ஸ் அத்தனையையும் உடைத்தாக வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "நாமே செய்யலாமா, கூடாதா" என்று கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

மிச்சம் என்று நினைக்கும் பணம்

நாமே செய்தால் கூலி மிச்சம், அது உண்மைதான். எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடும்போது ஒரு பெரிய செலவைப் பலர் எழுதுவதே இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீடு வாங்கியவர்கள், வங்கித் தவணையையும் வாடகையையும் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டிருப்பார்கள். வேலை முடியும் வரை இரண்டும் ஓடும். ஆள் வைத்தால் ஆறேழு வாரத்தில் முடியும் வேலையை, அலுவலகம் போய்வந்து சனி ஞாயிறு மட்டும் செய்தால் அது ஆறு மாதம் இழுக்கும். எடுத்துக்காட்டுக்கு, கூலியில் 6,000 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 1,500 வெள்ளி என்றால், நான்கு மாதத் தாமதத்தில் அந்த மிச்சம் முழுவதும் போய்விடுகிறது. ஐந்தாவது மாதத்திலிருந்து கைக்காசு.

ஆகவே, ஏற்கெனவே குடியிருக்கும் சொந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்பவருக்கும், புதிதாக வாங்கிய வீட்டுக்குள் போகக் காத்திருப்பவருக்கும் கணக்கு வேறு. முதலாமவருக்கு நேரம் கையில் இருக்கிறது. அறை அறையாக வேலை செய்யலாம். இரண்டாமவர் நேரத்தைச் சுருக்கும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கூலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கருவிச் செலவு இதற்கு அடுத்தது. கான்கிரீட்டில் துளைபோடச் சாதாரணத் துளைக்கருவி போதாது, ரோட்டரி ஹேமர் வேண்டும். டைல்ஸ் வெட்டும் கருவி, மட்டம் பார்க்கும் லேசர், உயரமான ஏணி என்று பட்டியல் நீளும். ஒரே ஒரு தடவை பயன்படுத்தும் கருவியை வாடகைக்கு எடுப்பதோ, தெரிந்தவரிடம் இரவல் வாங்குவதோ நல்லது.

குளியலறை: இதை மட்டும் விட்டுவிடுங்கள்

நாமே செய்யும் வேலைகளில் மிகவும் ஏமாற்றுவது குளியலறைதான். பார்க்கச் சின்ன அறை. 5 அடிக்கு 8 அடி, நாற்பது சதுர அடி. இதைவிடச் சின்ன வேலை வீட்டில் இல்லை என்றுதான் தோன்றும். உடைக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறும். தரை டைல்ஸும் அதன் அடியில் இருக்கும் சிமெண்டுப் படுகையும், ஏழடி உயரத்துக்கு நான்கு சுவர் டைல்ஸும் பூச்சும் சேர்ந்தால் இடிபாடு ஒரு டன்னைத் தாண்டும். வாளிக்கு 15 கிலோ என்று பார்த்தால் எழுபது எண்பது வாளி. அதை மாடிப்படி வழியாகச் சுமந்து இறக்க வேண்டும். இறக்கிய பிறகு எங்கே போடுவது? கோலாலம்பூரில் வீட்டுக் குப்பை எடுக்கும் லோரி கட்டட இடிபாட்டை எடுக்காது. சிறிய லோரியோ, லோரியில் கொண்டுவந்து இறக்கிவைக்கும் பெரிய ரோரோ தொட்டியோ தனியாக வாடகைக்குப் பிடிக்க வேண்டும். ரோரோ தொட்டி நிற்க வீட்டு முன் இடம் வேண்டும். சந்து குறுகலாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் காரை நகர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆற்றோரத்திலோ காலி நிலத்திலோ கொட்டிவிட்டு வருவது சட்டப்படி குற்றம். கடுமையான தண்டனை உண்டு.

உடைப்பது இந்த வேலையின் எளிய பாதி. அதன் பிறகு குழாய், சிமெண்டுப் படுகை, நீர்த்தடுப்பு, டைல்ஸ் என்று வரிசையாக வர வேண்டும். தண்ணீர் வடிகால் வாயை நோக்கி ஓடுவதற்குத் தரையில் சரிவு வேண்டும். எண்பது முதல் நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சரியாக இருக்கும். சரிவு குறைந்தால் மூலையில் தண்ணீர் தேங்கும், கூடினால் காலில் தட்டும். நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு தடவை, ஒன்றுக்கொன்று குறுக்காக, முதல் பூச்சு காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்ற வேண்டும், குளிக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. தரையும் சுவரும் சேரும் மூலையிலும், குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடத்திலும்தான் தண்ணீர் கசியும். அங்கே வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். எல்லாம் காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை, காசு வாங்கிக்கொண்டு செய்பவர்களே அவசரத்தில் விட்டுவிடுவது உண்டு. ஆள் வைத்தாலும் அந்த 24 மணி நேரத்தை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

"உடைக்க வேண்டாம், பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிடலாம்" என்ற யோசனையும் உடனே வரும். சில இடங்களில் அது சரிதான். சமையலறைச் சுவரில் தாராளமாகச் செய்யலாம். குளியலறைத் தரையில் செய்தால் டைல்ஸும் பசையும் சேர்ந்து தரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். கதவு தட்டும். வாசற்படிக் கட்டையின் உயரம் குறைந்து, குளிக்கும் தண்ணீர் அறைக்குள் வரும். வடிகால் வாய் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் வெற்று ஓசை கேட்கிறது என்றால் அதன் மேல் எதை ஒட்டினாலும் நிற்காது. முக்கியமாக, அடியில் ஏற்கெனவே கசிவு இருந்தால் அது அப்படியே இருக்கும்.

சொந்த டெரஸ் வீட்டில் இந்தக் கசிவு நம் சாப்பாட்டு அறைக் கூரையோடு முடியும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் அதன் கீழ் 2015-இல் வந்த விதிகளும் இதில் தெளிவாக இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். காரணம் வேறு என்று நிரூபிக்காத வரை, கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாமே பூசிய பூச்சு என்றால் கைநீட்டிக் காட்ட நமக்கு வேறு யாரும் இல்லை.

கரண்ட்: வீடியோ சொல்லும் நிறம் வேறு

இதில் நான் எந்தச் சமரசமும் பேசமாட்டேன். மலேசியாவில் ஒயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நிறத்தை மட்டும் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வரும் வீடியோவில் நீல ஒயர் நியூட்ரல், பழுப்பு ஒயரில்தான் கரண்ட். நம் வீட்டுச் சுவருக்குள் இருப்பது சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை. நம்மிடம் நியூட்ரல் கறுப்பு. மூன்று முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்புள்ள வீட்டில் நீல ஒயரிலும் கரண்ட் ஓடும். வீடியோவை நம்பி நீலத்தைத் தொட்டவர் 230 வோல்ட்டைத் தொட்டவர். பழைய வீட்டில் முந்தைய உரிமையாளர் எவரோ தம் இஷ்டத்துக்கு ஒயர் இழுத்திருந்தால் இந்த நிறங்களையும் நம்ப முடியாது.

தண்ணீர் சூடாக்கும் கருவி இன்னொரு எதிர்பாராத இடம். கடையில் வாங்கும்போது அது ஒரு சாதாரண மின்கருவி மாதிரிதான் இருக்கும். பல மாதிரிகள் 3.6 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 15 ஆம்பியருக்கு மேல். நம் வீட்டு மூன்று முள் பிளக் தாங்குவது 13 ஆம்பியர். அதனால் அதற்குத் தனி ஒயர், தனி சுவிட்ச் வேண்டும். ஈரக் கையோடு தொடும் கருவி என்பதால் மின்கசிவு 10 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் வேண்டும். வீட்டுக்கு வழக்கமாகப் பொருத்தியிருக்கும் 100 மில்லி ஆம்பியர் கருவி, குளித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் உயிரைக் காப்பாற்றும் வேகத்தில் துண்டிக்கும் என்று நம்பக்கூடாது. உயிர்போகும் வேலை இது. பல்பு மாற்றுவதோடு நாம் நிறுத்திக்கொள்வோம்.

ஒயர்மேன் வருவதற்கு முன் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த மூலையில் எந்தக் கருவி வரப்போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பூஜை அறைக்கு விளக்கு, கிரைண்டருக்கும் ஏர் ஃபிரையருக்கும் பிளக், பிள்ளைகளின் படிப்பு மேசை என்று எல்லாவற்றையும். சாயம் அடித்த பிறகு "இங்கே ஒரு பாயிண்ட் விட்டுப்போச்சே" என்று சுவரைக் கிழிப்பதுதான் வீண்செலவிலேயே பெரியது.

அடுக்குமாடியில் உங்கள் நேரமும் அவர்கள் நேரமும்

டெரஸ் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் துளைபோட்டால் பக்கத்து வீட்டு அக்கா முறைப்பார், அவ்வளவுதான். அடுக்குமாடியில் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் புதுப்பிப்பு வேலையைத் தொடங்கவே கூடாது. வைப்புத்தொகை கட்டச் சொல்வார்கள். சத்தம் வரும் வேலையைப் பெரும்பாலான இடங்களில் வார நாட்களில் அலுவலக நேரத்தில்தான் விடுகிறார்கள், சில இடங்களில் சனிக்கிழமை அரை நாள். நாமே செய்ய நினைப்பவருக்குக் கிடைக்கும் நேரமோ மாலை ஏழு மணிக்கு மேல், அப்புறம் ஞாயிறு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. முதலாளியிடம் விடுப்பு கேட்டால்தான் சுவரில் துளைபோட முடியும் என்ற நிலைமையை வீடியோ எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்று, சுவர். டெரஸ் வீட்டின் செங்கல் சுவர் மாதிரி அடுக்குமாடிச் சுவரை நினைக்கக்கூடாது. பல கட்டடங்களில் சுவரே கான்கிரீட், அதுவே மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குகிறது. சிலவற்றில் தரைக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் இருக்கும். அதைத் துளைத்தால் நம் வீடு மட்டும் பாதிக்கப்படாது. நிர்வாக அலுவலகத்தில் கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். அதைக் காட்ட மறுத்தால் எந்தச் சுவரிலும் கைவைக்காதீர்கள்.

ஆகவே அடுக்குமாடியில் நாமே செய்யும் வேலைகளின் எல்லை சுருங்கிவிடுகிறது: உள்சாயம், அலமாரி பூட்டுவது, திரைச்சீலை, குழாய்த்தலை மாற்றுவது. மீதிக்கு, அந்தக் கட்டடத்திலேயே ஏற்கெனவே வேலை செய்த குத்தகையாளரைத் தேடுங்கள். காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் கேட்டாலே தெரியும். பாஸ் எடுப்பது, லிஃப்டுக்குப் பலகை கட்டுவது, இடிபாட்டை எந்த வழியாக இறக்குவது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம்.

புத்தம் புது வீடு என்றால் கொஞ்சம் பொறுங்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் வரை குறைபாடுகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். அந்தக் காலத்துக்குள் நாமே டைல்ஸைப் பெயர்த்து, குழாயை மாற்றிவிட்டால், பிறகு வரும் கசிவுக்கு "நீங்கள் கைவைத்ததால் வந்தது" என்று சொல்ல அவர்களுக்கு வழி கொடுத்துவிடுகிறோம்.

பழைய வீடு மறைத்து வைத்திருப்பவை

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளின் சீலிங் பலகையிலும், பின்பக்கச் சமையலறைக்குப் போட்ட அலைத்தகடு கூரையிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடச் சோதனைதான் சொல்லும். உடையாமல், சாயம் பூசி, அப்படியே இருக்கும் வரை அதனால் பெரிய தீங்கில்லை. அறுத்தால், துளைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். நோய் பல வருடம் கழித்து வரும். பிள்ளைகளைப் பக்கத்தில் விளையாட விட்டு, முகமூடி இல்லாமல் சீலிங்கைக் கடப்பாரையால் நெம்பி இறக்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள். தெரிந்தவர்களை வைத்து நனைத்து, முழுப்பலகையாக இறக்கச் சொல்லுங்கள். அந்தக் கழிவையும் சாதாரணக் குப்பையோடு போடக்கூடாது.

குழாயும் அப்படித்தான். பழைய வீடுகளில் சுவருக்குள் இருப்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளியே பளிச்சென்று இருக்கும் குழாய்த்தலையைத் திருகிக் கழற்றும்போது, உள்ளே துருவேறிய வளைவு அப்படியே முறிந்துவிடும். இருபது வெள்ளி குழாய்த்தலை மாற்றப்போய், சுவரை உடைத்துக் குழாய் இழுக்கும் வேலையாக முடியும். தொடங்குவதற்கு முன் மீட்டர் பக்கத்தில் இருக்கும் அடைப்பானைத் திருகிப் பாருங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத அடைப்பான் திரும்பவே திரும்பாது. அது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு மற்றதைத் தொடுங்கள்.

கரையான் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவு நிலையைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை. ஆனால் கூரைக்குள் ஏறிப் பார்ப்பவர்கள் குறைவு. சீலிங் விளக்கு மாற்ற மேலே ஏறும்போதுதான் மரச்சட்டம் முழுக்கப் பொடியாகி நிற்பது தெரியவரும்.

கடைசியாக, காகிதம். முந்தைய உரிமையாளர் பின்பக்கத்தைச் சந்து வரை நீட்டிக் கட்டியிருப்பார். அதற்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அனுமதி இருந்ததா என்பது, நாம் புதிதாக ஒரு வேலைக்கு அனுமதி கேட்கப் போகும்போதுதான் வெளியே வரும். சுவரை இடிப்பது, கட்டடத்தை நீட்டுவது, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவது எல்லாவற்றுக்கும் முதலில் மாநகர் மன்றத்தில் கேட்க வேண்டும். இந்த வேலைகளில் வரைபடம் தரத் தெரிந்தவர் இருந்தால்தான் நகரும். குத்தகையாளர் வழி இங்கே முன்னே நிற்கிறது.

சாயம்: இங்கே நாமே செய்வதுதான் சிறந்தது

சாயம் அடிப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, நாமே செய்யலாம். கூலிக்கு அடிப்பவர்கள் வேகமாக முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் விட்டுவிடும் வேலையை நாம் பொறுமையாகச் செய்வோம். அது அடிப்பதற்கு முந்தைய வேலை. உரிந்த பழைய சாயத்தைச் சுரண்ட வேண்டும். கையால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டினால் அந்தச் சுவரைக் கழுவி, சீலர் என்னும் அடிப்பூச்சு அடிக்க வேண்டும். பூஞ்சை படர்ந்த இடத்தில் பூஞ்சைக் கொல்லி பூசிக் கழுவிக் காயவிட வேண்டும். கறுப்புப் புள்ளிகளின் மேல் அப்படியே சாயம் அடித்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் அது சில மாதத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும். புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவரை நான்கு வாரம் காயவிட வேண்டும். இந்த நான்கு வாரம்தான் குத்தகையாளர்களால் பெரும்பாலும் கொடுக்க முடியாதது. நாமே செய்தால் முடியும்.

ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீட்டர் பிடிக்கும். இரண்டு பூச்சுக்குக் கணக்கிட்டு, ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே சமயத்தில் கலந்து வாங்குங்கள். இரண்டாம் தடவை கலந்து வாங்கும் நிறம் நூல் இழை அளவாவது மாறும்.

சாயம் உரிவதற்குக் காரணம் சுவருக்குப் பின்னால் இருக்கும் குளியலறையா என்று பார்ப்பது முக்கியம். அப்படி என்றால் எவ்வளவு நல்ல சாயமும் நிற்காது. பினாங்கில் ஜார்ஜ்டவுன் பக்கம் பழைய கடைவீடுகளை வைத்திருப்பவர்களுக்கு இது வேறுவிதமாக வரும். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் சாயம் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சே கொட்டும். 2008-இல் உலக மரபுடைமைத் தளமான பகுதி என்பதால் அங்கே அனுமதி முறைகளும் தனி. அந்த வீடுகளைச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நடுவழி, அதன் தலைவலி

பொருளை நாம் வாங்கி, ஆளைத் தனித்தனியாகக் கூப்பிடும் வழி பலருக்குப் பிடிக்கிறது. குத்தகையாளரின் லாபம் மிச்சம், பொருளின் தரமும் நம் கையில். நானும் இதை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: வீட்டில் ஒருவர் பகலில் அங்கே நிற்க முடிய வேண்டும். ஓய்வு பெற்ற அப்பாவோ மாமாவோ இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பொருந்தாது.

ஏனென்றால் வேலைகளின் வரிசையை நாம்தான் காப்பாற்ற வேண்டும். இடிப்பு, குழாய், ஒயரிங், பூச்சு, நீர்த்தடுப்பு, டைல்ஸ், சீலிங், சாயம், கடைசியில் அலமாரி. ஒருவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பின்னால் வருபவர் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கசிவு வந்தால் டைல்ஸ்காரர் சொல்வார்: "அண்ணே, நான் ஒட்டுற ஆளு. தண்ணி வர்றது பைப்காரர் வேலை." பைப்காரரைக் கூப்பிட்டால், "நான் விட்டுட்டுப் போகும்போது நல்லா இருந்துச்சு, அவர்தான் தட்டிட்டாரு." இரண்டு பேரும் பொய் சொல்லாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். சுவருக்குள் குழாயும் ஒயரும் எங்கே ஓடுகின்றன என்ற படம் பிறகு ஆணி அடிக்கும்போதும் உதவும்.

டைல்ஸ் வாங்கும்போது தேவைக்கு மேல் பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தயாரிப்பு எண் உள்ள பெட்டிகளாகப் பாருங்கள். அடுத்த தொகுதியில் நிறம் மாறும்.

இந்த வழியில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. நாமே நேரடியாக ஆள் கூப்பிடும்போது, அந்த ஆளுக்கு வேலை அனுமதி இருக்கிறதா என்பது நம் பொறுப்பாகிவிடுகிறது. அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். சாலையோரத்தில் நிற்பவரைக் காரில் ஏற்றி வருவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். அவர் ஏணியிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவுக்கு அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவரைக் கூப்பிட்டவர் நாம்தான்.

குத்தகையாளர் என்றால் எழுத்தில்

முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல்போகும் குத்தகையாளர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை இது. அதனால்தான் பலர் நாமே செய்வோம் என்று இறங்குகிறார்கள். பயத்தால் எடுக்கும் அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. பயத்தைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. நிறுவனப் பதிவையும், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யில் பதிவு இருக்கிறதா என்பதையும் இணையத்திலேயே பார்க்கலாம். "குளியலறை புதுப்பிப்பு" என்று ஒரே வரியில், ஒரே தொகையில் கொடுக்கும் விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். எத்தனை சதுர அடி, எந்தப் பூச்சு எத்தனை தடவை, எத்தனை பாயிண்ட், இடிபாடு அகற்றுவது உள்ளடக்கமா என்று வரி வரியாக வேண்டும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசிப் பத்து விழுக்காட்டை எல்லாம் சரிபார்க்கும் வரை வைத்திருங்கள். நடுவில் கூடுதல் வேலை சொன்னால் அதன் விலையையும் வாட்சாப்பில் எழுதி வாங்கிவிட்டுத்தான் தொடங்கச் சொல்ல வேண்டும்.

தகராறு என்று வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு 5 வெள்ளி கட்டணம். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீது, விலைப்பட்டியல், படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் அங்கே சான்று. நாமே செய்த வேலைக்கு இந்தக் கதவு கிடையாது. அதனால்தான் தண்ணீரும் கரண்டும் சம்பந்தப்பட்ட வேலைகளில், கூலி கொடுப்பதை நான் செலவாகப் பார்ப்பதில்லை. பொறுப்பேற்க ஒரு ஆளை வாங்குகிறோம்.

ஒரு சாதாரண இரண்டு மாடி டெரஸ் வீட்டுக்கு நான் இப்படிப் பிரிப்பேன்: குளியலறைகள், ஒயரிங், குழாய், கூரை எல்லாம் ஒரே குத்தகையாளருக்கு, சமையலறை அலமாரி தனிக் கடைக்கு, உள்சாயம், கதவுகள் தேய்த்து மெருகு பூசுவது, அலமாரித் தட்டுகள், முற்றம், செடிகள் நமக்கு. அடுக்குமாடியில் நமக்கான பங்கு சாயத்தோடும் அலமாரியோடும் நிற்கும்.

எப்போது தொடங்குவது என்பதும் முடிவில் சேரும். பலரும் தீபாவளிக்குள் என்று நாள் குறிக்கிறார்கள். கோலாலம்பூரில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள், பிற்பகல் தவறாமல் கொட்டும். வெளிச்சுவரில் அடித்த சாயம் காய்வதற்குள் வழிந்துவிடும், கூரையைப் பிரித்தால் வீடு நனையும். நல்ல ஆட்களும் அந்தச் சமயத்தில் கிடைக்கமாட்டார்கள். கூரையும் வெளிச்சாயமும் ஜூன், ஜூலையில் முடியும்படி ஆளைச் சொல்லி வையுங்கள். உள்சாயத்தைச் செப்டம்பரில் நீங்களே தொடங்கினால், அறைக்கு ஒரு வார இறுதி என்று நிதானமாக முடிக்கலாம்.